பழைய கிதாரும் பென்சில் கையெழுத்தும்

1

மின் கிதாருக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பறையும் உடுக்கையும் இருக்க, அமெரிக்கத் தொழிற்சாலைச் சரக்கைப் பற்றி எழுத என்ன அவசியம் வந்தது? கேள்வி நியாயமானதுதான். மூலம் எது, திருத்தம் எது, ஒரு பொருளைச் செய்தவர்கள் யார், அவர்கள் பெயர் எங்கே போயிற்று, பயன்படுத்துகிறவருக்கு அதை மாற்ற உரிமை உண்டா என்று இலக்கியப் பிரதியை வைத்து நாம் வெகுகாலமாக மல்லுக்கட்டி வருகிறோம். பழைய மின் கிதார் ஒன்றைப் பழுதுபார்க்க உட்காருகிறவர் முன்னாலும் இதே கேள்விகள்தான் வந்து நிற்கின்றன. நாம் வாயால் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர் கையால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். இசை முறையாகக் கற்றவன் இல்லை. ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் பல மாதங்கள் உட்கார்ந்து பார்த்ததும், பார்த்ததை ஒட்டித் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரைக்கு முதல்.

2

பரிச்சயமில்லாதவர்களுக்காகச் சில அடிப்படைகள். மரக் கிதாரில் ஒலி பெருகுவது அதன் வயிற்றுக்குள். வீணைக்குக் குடம் மாதிரி. நாம் இங்கே பேசுகிற மின் கிதாருக்கு வயிறு கிடையாது. கெட்டிப் பலகைதான் உடம்பு. தந்திகளுக்கு அடியில் ‘பிக்கப்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகத்தில் செய்த ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய தாமிரக் கம்பி ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று. எஃகுத் தந்தி அந்தக் காந்தப் புலத்தில் அதிரும்போது கம்பிச் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டு சொன்ன தத்துவம்தான். அந்த மின்சாரம் வால்யூம், டோன் திருகிகளைத் தாண்டி ஒயர் வழியே ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கருவியைத் தொழிற்சாலைப் பண்டமாக்கியவர்களில் முக்கியமானவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத ரிப்பேர்க்காரர் என்பதால்தான் கிதாரைக் கழற்றி மாட்டக்கூடிய ஒன்றாக அவரால் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன். பழைய கைவினை மரபில் கழுத்தை உடம்போடு பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். உடைந்தால் சிறப்புத் தொழிலாளி ஒருவரிடம்தான் போக வேண்டும். 1950இல் வெளிவந்து மறு வருஷமே டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிதாரிலும், 1954இன் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் கழுத்து நான்கு திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. கழுத்து கெட்டுப்போச்சா, திருகைக் கழற்று, வேறொன்றை மாட்டு.

ஃபோர்டின் கார் ஆலைத் தர்க்கம்தான் இது. ஒரே அச்சில் பாகங்கள், அவற்றைக் கோக்கப் பிரித்துப் போட்ட வேலை, வேகம். தொழிலாளியின் முழுத்திறனைத் துண்டுகளாக்குவதற்காக வந்த ஏற்பாடு, பிற்பாடு வாங்கியவர் கையில் திருப்புளியைக் கொடுத்துவிட்டது. ஆலை தன் வசதிக்காகச் செய்த ஒன்று பயனாளியின் சுதந்திரமாக மாறிப்போன இந்த முரணைக் குறித்துக்கொள்வோம். கிதாரை மாற்றியமைக்கும் கலாச்சாரம் முழுவதும் இந்த நான்கு திருகுகளிலிருந்து கிளம்பியது என்றாலும் தப்பில்லை.

3

பழைய கிதார் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் பார்ப்பது கழுத்தை. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ விசையில் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வருஷக்கணக்கில் இழுபட்டால் கழுத்து வில்லாக வளையும். அதை எதிர்க்கத்தான் கழுத்துக்குள் நெடுக ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்திருக்கிறார்கள். அதன் முனையிலுள்ள நட்டைத் திருகினால் கழுத்து நிமிரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருகக்கூடாது. திருகிவிட்டு மரம் இணங்கும்வரை பொறுக்க வேண்டும். பலவந்தம் பண்ணினால் கம்பி அறுந்துவிடும், அல்லது கழுத்து பிளக்கும்.

அடுத்தது ஃப்ரெட்டுகள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான். ‘நிக்கல் சில்வர்’ என்று பெயர், பொட்டு வெள்ளிகூடக் கிடையாது. தாமிரம், நிக்கல், துத்தநாகக் கலவை. எஃகுத் தந்தி அமுங்கி அமுங்கி அதில் குழி விழும். எந்த மெட்டில் எந்தத் தந்திக்கடியில் குழி ஆழம் என்று பார்த்தாலே முன்பு வைத்திருந்தவர் எந்தச் சுரங்களில் அதிகம் புழங்கினார் என்று தெரிந்துவிடும். அது ஒருவகை எழுத்து. ஆனால் குழியை வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது. தந்தி உரசிக் கரகரக்கும். குழி ஆழமில்லை என்றால் எல்லா மெட்டுகளையும் அரத்தால் ஒரே மட்டத்துக்கு இறக்கி, ஒவ்வொன்றின் தலையையும் மறுபடி உருட்ட வேண்டும். ஆழம் என்றால் பிடுங்கிவிட்டுப் புதுசு பதிக்க வேண்டும். இரண்டு வழியிலும் முன்னவர் எழுதியது அழிகிறது. பழுதுபார்ப்பது என்றாலே எதையாவது அழிப்பதுதான். எதை அழிக்கலாம், எதை அழிக்கக்கூடாது என்பதில்தான் பார்ப்பவரின் அரசியல் இருக்கிறது.

மின் பாகம் சுலபம். வால்யூம் திருகியைச் சுற்றும்போது கறமுற என்று சத்தம் வந்தால் உள்ளே அழுக்கோ ஆக்ஸைடோ படிந்திருக்கிறது. சுத்தம் செய்யும் திரவத்தைப் பீச்சி நாலு தரம் சுற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஈயப்பற்று விட்டிருந்தால் திரும்ப வைக்கலாம். பிக்கப் ஊமையாகிவிட்டால் அந்தத் தலைமுடிக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பிரித்து மறுபடி சுற்ற வேண்டும்.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு வியாதி உண்டு. சுற்றியுள்ள மின்சார ஒயர்களின் இரைச்சலையும் சேர்த்து வாங்கி ‘ம்ம்’ என்று முனகும். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் இதற்கு ஒரு தீர்வு செய்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தின் திசையையும் எதிரெதிராக வைத்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். இதற்கு ‘ஹம்பக்கர்’ என்று பெயர். ஒலி தடிமனாக, சற்று இருண்டு வரும். ஒற்றைச் சுருள் கிதாரில் பலகையைக் குடைந்து ஹம்பக்கரை இறக்குவது, அதற்கேற்ப 250 கிலோ ஓம் திருகியை எடுத்துவிட்டு 500 வைப்பது ஆகியவைதான் மாற்றியமைப்பில் மிகச் சாதாரணமாக நடக்கிற வேலை.

கடைசியாகப் பூச்சு. ஃபெண்டர் ஆலை ஆரம்ப காலத்தில் பூசியது கார்களுக்கு அடிக்கிற டூப்பாண்ட் கம்பெனியின் சாயங்களை. ஃபோர்டுக்கும் கேடிலாக்குக்கும் அடித்த நிறங்களே கிதாருக்கும் வந்தன. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வருஷம் போகப் போக மஞ்சளிக்கும், வெடிக்கும், கை படும் இடத்தில் தேய்ந்து மரம் தெரியும். 1960களின் பிற்பகுதியில் கெட்டியான பாலியெஸ்டர் வந்தது. அது எளிதில் தேயாது.

4

இனி ‘ஒரிஜினல்’ விவகாரம். பழைய கிதார்ச் சந்தையில் அடிப்படைச் சொல் இதுதான். திருகு மாறியிருக்கிறதா, ஈயப்பற்றை யாராவது தொட்டிருக்கிறார்களா, பூச்சு ஆலையில் அடித்ததுதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். மறுபூச்சு அடித்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது வியாபாரிகள் சொல்கிற கணக்கு. ஏட்டுச்சுவடி படித்தவனுக்கு இந்தப் பாஷை புதிதில்லை. மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என்று நாமும் இதே தராசைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தோம். பின்னால் வந்தவர் சேர்த்ததெல்லாம் அசுத்தம், முதலில் இருந்ததே சுத்தம்.

ஆனால் சந்தை தன் கணக்கைத் தானே மீறுகிறது. எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றை மொத்தமாக வாங்கினார். அப்போது அவற்றைச் சீந்துவாரில்லை. அவற்றில் மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களைக் கோத்து ஒன்றாக்கினார். ‘பிளாக்கி’ என்று பெயர். இடைச்செருகலைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. 2004இல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போயிற்று. ஆக, பிரபலமான கை செருகினால் அது வரலாறு. யாரோ ஒருவர் செருகினால் அது கறை. மூலத்தின் தூய்மை என்பது பெயரின் அதிகாரத்துக்குப் போட்ட முகமூடி என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே கிளாப்டன்தான் 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராக இனவெறிப் பேச்சுப் பேசினார். அதற்கு எதிர்வினையாகத்தான் இங்கிலாந்தில் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்’ இயக்கம் பிறந்தது. மூன்று கிதார்களைக் கலந்து ஒன்றாக்கத் தெரிந்தவருக்கு மனிதர்கள் கலந்து வாழ்வது பொறுக்கவில்லை. கலப்பு வடிவம் என்றாலே விடுதலை என்று அவசரமாகக் கொண்டாடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

5

திருகைக் கழற்றினால் என்ன தெரிகிறது என்பதற்கு வருகிறேன். 1950களின் ஃபெண்டர் கிதாரில் கழுத்தின் அடிமுனையில், உடம்புக்குள் மறைந்திருக்கும் இடத்தில், பென்சிலால் தேதியும் சில சமயம் இரண்டெழுத்தும் எழுதியிருக்கும். டி.ஜி. என்றிருந்தால் அது டாடியோ கோமஸ், கழுத்துகளைச் செதுக்கி வடிவம் கொடுத்த தொழிலாளி. ஒயர்கள் இருக்கும் குழிக்குள் ஒட்டிய காகித நாடாவில் மேரி, குளோரியா என்று பெண்களின் பெயர்கள் கிடைக்கின்றன. ஒயர்களைப் பற்றவைத்தவர்கள் அவர்கள். தலைப்பலகையில் பெரிதாகப் பொறித்திருப்பது முதலாளியின் பெயர். செய்தவர்களின் பெயர் திருகுக்குப் பின்னால், இருட்டில்.

அபிகேல் இபாரா என்ற மெக்சிக வம்சாவளிப் பெண் 1956இல் ஃபெண்டர் ஆலையில் சேர்ந்தார். பிக்கப்புக்குக் கம்பி சுற்றும் வேலை. சுருள் இயந்திரத்தில் சுழலும். அந்த மெல்லிய கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் நகர்த்தி வழிநடத்த வேண்டியது அவர். கை என்பதால் சுற்றுகள் துல்லியமாக அடுக்கப்படாமல் சற்றுக் கலைந்து விழும். அந்தக் கலைசல்தான் பழைய பிக்கப்புகளின் ஒலிக்குக் காரணம் என்று பின்னாளில் வாசகர்களும் சேகரிப்பாளர்களும் சிலாகித்தார்கள். இயந்திர ஒழுங்கின் நோக்கில் பிசகு; காதின் நோக்கில் நயம். அவர் கையெழுத்திட்ட பிக்கப்புகளுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. 2013இல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கே வேலை செய்தார். உலகப் புகழ்பெற்ற வாசிப்புகளை விவரிக்கும்போது வாசித்தவரின் மேதைமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த ஒலியில் ஒரு பங்கு எட்டாயிரம் சுற்றுகளை வழிநடத்திய விரல்களுடையது.

மார்க்ஸ் பண்டத்தின் மாயையைப் பற்றிச் சொன்னதை நாம் மேற்கோளாகவே அறிந்து பழகிவிட்டோம். உழைப்பு மறைந்து பொருள் மட்டும் தன்னந்தனியாக மின்னும் என்பது அதன் சாரம். பழுதுபார்க்கிற கை அந்த மாயையைத் தற்செயலாகவேனும் குலைத்துவிடுகிறது. நண்பரின் மேசைக்கு வந்த ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திறந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். மெக்சிகோவில் செய்தது. கழுத்தின் அடியில் ரப்பர் முத்திரையில் ஒரு தேதி, பக்கத்தில் யாரோ அவசரமாகக் கிறுக்கிய இரண்டெழுத்து. ‘யாருன்னு தெரியல, ஆனா ஆள் இருந்திருக்கார்’ என்றார் நண்பர்.

அந்த மெக்சிகோ முத்திரைக்கும் ஒரு கதை உண்டு. ஃபெண்டர் கம்பெனிக்குக் கலிஃபோர்னியாவின் கொரோனாவில் ஓர் ஆலை, எல்லை தாண்டி என்சனாடாவில் இன்னோர் ஆலை. பின்னது 1987இல் தொடங்கியது. எல்லைக்குத் தெற்கே செய்த கிதார் கணிசமாக மலிவு. காசு குறைவானவர்கள் பழையதாக வாங்கி, குடைந்து, மாற்றி வாசிப்பது பெரும்பாலும் இதைத்தான். வடக்கே இருக்கிற ஆலையிலும் பழைய காலம் தொட்டு மெக்சிக வம்சாவளிக் கைகள் உழைத்திருக்கின்றன என்பதற்கு மேலே சொன்ன இருவருமே சாட்சி. கை ஒன்றுதான். கை எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது.

மரத்தையும் விட்டுவிட முடியாது. விரல் படும் பலகைக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் போட்டார்கள். காடு தீர்ந்துகொண்டு வந்தது. 1960களிலேயே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்களே, அதுதான். பிரேசில் மரத்தின் சர்வதேச வணிகம் 1992இல் ஏறக்குறைய முழுதாகத் தடை செய்யப்பட்டது. 2017இல் ஈட்டியின் இனம் முழுவதற்குமே கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் விலக்குக் கொடுத்தார்கள். பழைய கழுத்தைத் தூக்கி எறியாமல் சீர்செய்து வைத்துக்கொள்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

6

மாற்றியமைப்பது என்பது பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்களுக்காக பர்மிங்காமில் 1965இல் நடந்ததைச் சொல்கிறேன். டோனி அயோமிக்கு அப்போது பதினேழு வயது. தகட்டு ஆலையில் வேலை. வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு போக இருந்தவருக்கு அன்றுதான் கடைசி நாள். வராத ஒருவரின் இடத்தில் அழுத்து இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர், ஆகவே தந்தியை அமுக்குகிற கை அதுதான். ஆலை மேலாளர் அவருக்கு ஜாங்கோ ரெய்ன்ஹார்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். 1928இல் வண்டி தீப்பிடித்து இரண்டு விரல்கள் முடங்கியபின் மீதி விரல்களால் வாசித்த நாடோடி இனத்துக் கலைஞன் ரெய்ன்ஹார்ட்.

அயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்து, தேய்த்து வடிவாக்கி, மேலே பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினார். தடித்த தந்திகள் வலித்தன. மெல்லிய தந்தி கடையில் கிடையாது. பாஞ்சோவின் தந்திகளைக் கிதாரில் மாட்டினார். பின்னர் தந்திகளின் சுருதியையே ஒன்றரைச் சுரம் இறக்கினார். அமுக்குவதற்கு இன்னும் இலகுவாயிற்று. ‘பிளாக் சபாத்’ குழுவின் 1971ஆம் வருஷத்து மூன்றாவது தொகுப்பில் அந்தக் கனத்த, இருண்ட ஒலியைக் கேட்கலாம். ஹெவி மெட்டல் என்ற இசை வகையின் குரலில் பெரும்பங்கு இப்படி வந்தது. தொழிற்சாலை தின்ற விரலுக்கு ஏற்றபடி கருவி வளைந்துகொடுத்தது. கருவிக்கு ஏற்ப உடம்பை வதக்குகிற ஆலைத் தர்க்கத்தை ஒரு தொழிலாளி தலைகீழாக்கினார்.

இன்னோர் உதாரணம் எட்டி வான் ஹேலன். 1970களின் நடுவில், ஆலை கழித்த உடம்பை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கிக் கோத்தார். கிப்ஸன் கிதாரிலிருந்து ஹம்பக்கரைப் பிடுங்கி, உளியால் பலகையைக் குடைந்து இறக்கினார். ஊளையிடாமலிருக்கச் சுருளை மெழுகில் முக்கினார். ஒரே ஒரு வால்யூம் திருகி. அதன்மேல் ‘டோன்’ என்று எழுதிய மூடி. ஒட்டுநாடா ஒட்டிப் பட்டைபட்டையாகச் சாயம் அடித்தார். பெயர் ‘ஃபிராங்கன்ஸ்டீன்’. கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கிற அறிவைப் பற்றி 1962இல் லெவி ஸ்ட்ராஸ் எழுதியது நம் நண்பர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2007இல் ஃபெண்டர் கம்பெனி அந்தக் கிதாரைக் கீறல் கீறலாக, சிகரெட் சுட்ட தழும்பு உட்பட நகலெடுத்து 300 பிரதிகள் செய்தது. ஒன்று 25,000 டாலர். 130 டாலருக்குள் முடிந்த ஏழைத் தந்திரம்! 1995இலிருந்தே ‘ரெலிக்’ என்ற பெயரில், புதுக் கிதாரை வேண்டுமென்றே தேய்த்து, பூச்சை உரித்து, உலோகத்தைத் துருவேற்றிப் பழசாக்கி விற்கிறார்கள். அயர்லாந்தின் ரோரி கேலகரின் 1961ஆம் வருஷத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் அவரது வேர்வையாலேயே பூச்சு உரிந்தது என்பார்கள். அதற்கும் நகல் உண்டு. வேர்வை சிந்தாமலே வேர்வையின் தடத்தை வாங்கலாம். அதைத் தேய்த்துக் கொடுக்கிற ஆலைத் தொழிலாளியின் நிஜமான வேர்வை மட்டும் எந்த விலைப்பட்டியலிலும் வராது.

போத்ரியாரின் போலி உருக்கள் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. மூலம் இல்லாத நகல் என்பதோடு பிரச்சினை தீர்வதில்லை. ஏழ்மையின் சாமர்த்தியம், ஊனத்தின் சாமர்த்தியம், நீண்ட நாள் உழைப்பின் தேய்மானம் ஆகியவற்றைச் சந்தை வடிவமாக மட்டும் உறிஞ்சி, அவற்றை உண்டாக்கிய நிலைமையைத் துப்பிவிடுகிறது. கலைத்துப்போட்டுக் கோப்பதே கலகம் என்ற நம் பின்நவீன உற்சாகத்துக்கு இது ஓர் எச்சரிக்கை.

7

அப்படியானால் கையில் வந்த பழைய கிதாரை என்ன செய்வது? கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது ஒரு வழி. வாசிக்கப்படாத கிதாரும் படிக்கப்படாத புத்தகமும் ஒன்று. அதை ‘ஆதி நிலைக்கு’த் திருப்புவது இன்னொரு வழி. திருப்பணி என்ற பெயரில் மணல் பீச்சிக் கோயில் கல்வெட்டுகளைத் தேய்த்தழித்ததைப் பார்த்த நமக்கு அந்தப் புனிதச் சொல்லின் மேல் சந்தேகம் வர வேண்டும். ஆதி நிலை என்று எதைச் சொல்கிறார்களோ அதற்காக நடுவில் வந்த மனிதர்கள் அழிக்கப்படுகிறார்கள்.

எனக்குச் சரியென்று படுவது நண்பர் கடைப்பிடிக்கிற வழி. வாசிப்புக்குத் தடையாக இருப்பதைத் தயங்காமல் மாற்று: குழிந்த மெட்டு, கறமுறக்கும் திருகி, அறுந்த சுருள். வாசிக்கிறவரின் கைக்கும் காதுக்கும் தேவையென்றால் குடை, இறக்கு, சாயம் அடி; பயனாளியின் உரிமை அது. ஆனால் கழற்றியதைத் தூக்கி எறியாதே. ஒரு பையில் போட்டுக் கிதாரோடு கொடு. திரும்பக் கழற்றக்கூடியபடி வேலை செய். கழுத்தின் அடியிலுள்ள பென்சில் எழுத்தின்மேல் உப்புத்தாள் படக்கூடாது; குழிக்குள் இருக்கிற பெயர் நாடாவைப் பிய்க்கக்கூடாது. நீ மாற்றியது எது, எந்தத் தேதியில், யார் என்று அதன் பக்கத்திலேயே பென்சிலால் எழுது. பேனா வேண்டாம், மை மரத்தில் ஊறும்.

நல்ல பதிப்பாசிரியர் செய்வதும் இதுதான். தான் தொட்ட இடத்தை மறைக்காமல் அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறார். கிதாரைச் செய்தவர், தேய்த்தவர், திருத்தியவர் என்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரட்டும். அடுத்து அந்த நான்கு திருகுகளைக் கழற்றுகிறவருக்கு முதலாளியின் பெயரைத் தவிரப் படிக்க வேறு ஏதாவது இருக்க வேண்டும்.